எழ மறுக்கும் மடிக்கணினி: ஃபார்மட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை, மடிக்கணினி திறக்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் முதல் யோசனை ஒன்றுதான்: “ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்.” பல நேரம் சரியாகியும் விடுகிறது. ஆனால் மகளிர் குழுவின் கடல்பாசிக் கணக்கு, கருவாட்டு வியாபாரத்தின் வரவு செலவு, கல்லூரிப் பிள்ளையின் ப்ராஜெக்ட், வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் அதோடு அழிந்துவிடும். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். அந்தக் கணக்குகளை யாரும் திரும்ப எழுதித் தரப்போவதில்லை.

அதனால் பழுதுபார்க்கப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களிடம் நான் ஒரு வரிசையைப் பிடிவாதமாகச் சொல்வேன். முதலில் மின்சாரம், பிறகு திரை, பிறகு ரேம் (தற்காலிக நினைவக அட்டை), பிறகு சேமிப்பகம் (கோப்புகள் தங்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி), கடைசியில்தான் விண்டோஸ். விண்டோஸில் கைவைக்கும் முன் கோப்புகள் வெளியே வந்திருக்க வேண்டும். பத்து, பதினோரு அங்குலத் திரை கொண்ட சிறு மடிக்கணினிகளுக்கு இது இன்னும் பொருந்தும். பலவற்றில் சேமிப்பகம் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்கும் வழி கிடையாது.

கடற்கரைக்கு என்று ஒரு காரணம்

உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பது நமக்குத் தெரியும். அது மடிக்கணினிக்குள் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றில் வரும் உப்புத் துகள் உள்ளே படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் கரையில் இரவு நேரங்களிலும் வாடை வீசும் மழை மாதங்களிலும் அந்த அளவு எளிதாக வந்துவிடுகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும்; செம்பை அரித்துப் பச்சை பூக்கவைக்கும். சார்ஜர் துளை, ரேம் அட்டையின் பொன்னிற முனைகள், பேட்டரி இணைப்பு ஆகிய இடங்களில்தான் இது முதலில் தெரியும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று கொண்டுவரப்படும் கணினிகளில், உண்மையில் தொடுமுனை கெட்டவை கணிசமாக இருக்கும்.

அறிகுறியைச் சரியாகப் பிரித்துப் பாருங்கள்

“ஆன் ஆகவில்லை” என்ற சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றால் அது மின்சாரம். விளக்கு எரிகிறது, திரை கறுப்பு என்றால் திரை அல்லது ரேம். நிறுவனத்தின் பெயர் வந்து அங்கேயே நிற்கிறது, அல்லது இயங்குதளம் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது என்றால் சேமிப்பகம் அல்லது பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, நீலத்திரை வருகிறது என்றால் அப்போதுதான் விண்டோஸ். திரையில் எந்த எழுத்து வந்தாலும் உடனே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துத் தரும்.

விளக்கே எரியவில்லை என்றால்

சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜர் முனையில் வோல்ட் அளவைப் பாருங்கள். சார்ஜரின் முதுகில் 19 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதையொட்டிய அளவு வர வேண்டும். டெல், ஹெச்பி சார்ஜர்களின் வட்ட முனைக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது வளைந்திருந்தால் கணினி சார்ஜரை அடையாளம் காணாது, பேட்டரி ஏறாது. அக்கம்பக்கத்தில் சார்ஜர் இரவல் வாங்கும்போது முனையின் அளவும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக மட்டும் இருக்கக் கூடாது. யுஎஸ்பி-சி முனையில் சார்ஜ் ஆகும் மடிக்கணினியைச் சாதாரணக் கைபேசி சார்ஜரில் போட்டுவிட்டுப் பழுது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு 45 அல்லது 65 வாட் சார்ஜர் வேண்டும்.

சாயங்காலம் ஊரில் மின்னழுத்தம் குறைவதால் கணினி கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினி சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அந்த அளவு அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே தனியாக ஸ்டெபிலைசர் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். மின்சாரம் போய்விட்டுத் திரும்பும் அந்த நொடிதான் ஆபத்து. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரும்பி வந்து நிலையானதும் மாட்டுங்கள். இடி மின்னலின்போதும் அப்படியே.

சார்ஜர் நன்றாக இருந்தும் எழவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி வெளியே வரும் வகை என்றால் அதையும் எடுங்கள். பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி இயக்குங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் சில மாடல்களில் அடிப்பக்கத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை, பக்கத்தில் பேட்டரிப் படத்தோடு, இருக்கும். அதைக் குண்டூசியால் மெல்ல அழுத்துவதும் இதே பலனைத் தரும். செலவே இல்லாத இந்த ஒரு வேலையிலேயே எழுந்து உட்காரும் கணினிகள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. டச்பேடு மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாமல் அடிப்பலகை உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். அதை மாற்றிய பிறகே மற்ற எல்லாம்.

திரை கறுப்பு, ஆனால் உயிர் இருக்கிறது

கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கிறது, திரைதான் சிக்கல். அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பின்னொளி போய்விட்டது. எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியில் இணைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. டிவியில் எல்லாம் தெரிந்தால் அங்கேயே கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு, திரையைச் சாவகாசமாகச் சரிசெய்யலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, அல்லது தானாக விட்டுவிட்டு மினுக்குகிறது, பீப் ஒலி வருகிறது என்றால் ரேமைப் பார்க்க வேண்டும்.

கீழக்கரையில் ஒரு கல்லூரி மாணவி தன் அண்ணனின் பதினோரு அங்குல மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். “காக்கா, மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள்” என்றாள். (அங்கே காக்கா என்றால் அண்ணன்.) விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை கறுப்பு. அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விடுவித்து, ரேமின் இரு பக்கக் கொக்கிகளை விரலால் அகற்றியதும் அட்டை சாய்வாக எழும்பியது. பொன்னிற முனைகளில் நடுப்பகுதி பளபளவென்று இருந்தது. வலது ஓரத்து நாலைந்து முனைகளின் மேல் மட்டும் வெளிறிய பச்சைப் படலம், நகத்தால் தொட்டால் மாவாக வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, ‘டக்’ என்று ஒலி வரும்வரை அழுத்தி மாட்டினோம். இயங்கியது. மதர்போர்டுக்கு ஒன்றுமே இல்லை.

இதை வீட்டிலேயே செய்யலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் ரேமைத் தொடக் கூடாது. ரப்பர் துகள் பள்ளத்துக்குள் விழக் கூடாது. பள்ளத்தின் உட்புற ஊசிகளை ரப்பரால் தேய்க்கவே கூடாது; மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். மூடியைத் திறந்ததும் ரேம் பள்ளமே காணவில்லை என்றால், அது மதர்போர்டில் பற்றவைத்த வகை. மூடிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

கடல் நீர் உள்ளே போயிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உடனே அணைத்து, சார்ஜரையும் முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் வைப்பதால் பயனில்லை; நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். “காய்ந்துவிட்டதா பார்ப்போம்” என்று இடையில் இயக்கிப் பார்ப்பதுதான் மதர்போர்டைக் கொல்கிறது.

பயாஸில் இரண்டு நிமிடம்

நிறுவனத்தின் பெயர் வந்து நின்றுவிடும் கணினிக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். இதைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பவர் பொத்தானை அழுத்தியவுடன் டெல், ஏசர், அசுஸ் கணினிகளில் எஃப்2 விசையை விட்டுவிட்டு அழுத்துங்கள். ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்10. லெனோவாவில் பெரும்பாலும் எஃப்2 அல்லது எஃப்1. சிலவற்றில் பக்கவாட்டில் நோவோ என்ற சிறு பொத்தானோ துளையோ இருக்கும். சிறு மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.

உள்ளே போனதும் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போய் ஜனவரி 1 என்று நின்றால் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். உங்கள் கணினியில் கம்பியோடு பிளாஸ்டிக் உறையிட்டது இருந்தால் அதே வகையாக வாங்குங்கள்.

இந்தச் சிறு பேட்டரி தீர்வதால் தேதி மட்டும் போவதில்லை. பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். கணினி எழும் முறை இரண்டு: பழையது லெகசி, புதியது யுஇஎஃப்ஐ. லெகசி முறையில் விண்டோஸ் நிறுவிய கணினி யுஇஎஃப்ஐ முறைக்கு மாறினால் இயங்குதளமே இல்லை என்று சொல்லும். சேமிப்பகத்தோடு கணினி பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ என்பதிலிருந்து வேறொன்றுக்கு மாறினால், தொடக்கச் சேமிப்பகத்தை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வரும். விண்டோஸும் கோப்புகளும் அப்படியே பத்திரமாக இருக்கும்போதே இரண்டும் நடக்கும். இங்கே ஃபார்மட் போடுவது கொடுமை. இப்போதைய அமைப்பைப் படமெடுத்து வைத்துவிட்டு, மாறிப்போன அந்த ஒரு வரியை (லெகசி/யுஇஎஃப்ஐ அல்லது சாட்டா) மட்டும் மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்து இயக்கிப் பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள்.

புதிய விண்டோஸ் 11 கணினி என்றால் பயாஸைத் தொடும் முன் ஒன்றைச் செய்ய வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கோடு பயன்படுத்தும் பல கணினிகளில் சேமிப்பகம் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் பூட்டு தானாகவே விழுந்திருக்கும். அமைப்பு மாறினால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கைபேசியில் அதே மைக்ரோசாப்ட் கணக்குக்குள் நுழைந்தால் சாவி அங்கே இருக்கும். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். சாவி இல்லாமல் அந்தக் கோப்புகளை யாராலும் திறக்க முடியாது.

அடுத்து, சேமிப்பகத்தின் பெயர் பயாஸில் தெரிகிறதா? தெரிந்தால் பாதி நிம்மதி. தெரியவில்லை, கழற்றக்கூடிய எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றால், ரேமுக்குச் செய்ததுபோலக் கழற்றி முனைகளைத் துடைத்து மாட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டும் ஒலி எழுப்பினால் மேற்கொண்டு இயக்காதீர்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

கோப்புகளை வெளியே எடுப்பது

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்து, தொடக்கத்தில் இரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் வந்தால், லினக்ஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் விண்டோஸ் பகுதியைத் திறந்து பென்டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

மற்றவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. விண்டோஸ் தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழ முடியாமல் போனால் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். போகவில்லை என்றால், பெயர் தோன்றியதும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி அடுத்தடுத்துச் செய்தால் நீல மீட்புத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட் என்று போங்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்பதை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல், ஓப்பன் என்று போய், கோப்பு வகையை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் கணினியின் எல்லாக் கோப்புறைகளும் தெரியும். தேவையான கோப்புறையில் வலது சொடுக்கு, காப்பி. பென்டிரைவுக்குள் போய் வலது சொடுக்கு, பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது, கணினி உறைந்ததுபோல் தோன்றும். பென்டிரைவ் விளக்கு மினுக்குவது நிற்கும்வரை காத்திருங்கள். மீட்புத் திரையில் சி என்ற எழுத்து டி என்றோ இ என்றோ மாறியிருக்கலாம். யூசர்ஸ் கோப்புறை எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

மீட்புத் திரையே வரவில்லை என்றால் லினக்ஸ் எழுதிய பென்டிரைவ் வேண்டும்; நிறுவாமலே அதிலிருந்து கணினியை இயக்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். நண்பர் வீட்டுக் கணினியிலோ ப்ரவுசிங் சென்டரிலோ லினக்ஸ் மின்ட்டைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுதலாம். வேறு கணினியே கைவசம் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு கைபேசியில் எட்ச்டிராய்டு செயலியும், பென்டிரைவைக் கைபேசியோடு இணைக்கும் ஓடிஜி கேபிளும் போதும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், நினைவிருக்கட்டும். பிறகு கணினியை இயக்கும்போது டெல், ஏசர், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசுஸில் எஸ்கேப் அழுத்தி யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். லினக்ஸ் திறந்ததும் நிறுவும் பொத்தானைத் தொடாமல் கோப்புகளை மட்டும் படியெடுங்கள். விண்டோஸ் பகுதி ‘படிக்க மட்டும்’ என்று திறந்தால் கவலை வேண்டாம். விண்டோஸ் அரைத்தூக்கத்தில் அணைந்ததால் அப்படி வரும், படியெடுக்க அதுவே போதும்.

2014, 2015 வாக்கில் வந்த இன்டெல் ஆட்டம் சிப் கொண்ட சிறு மடிக்கணினிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிப் 64 பிட், ஆனால் யுஇஎஃப்ஐ 32 பிட். சாதாரண லினக்ஸ் பென்டிரைவை அவை கண்டுகொள்ளவே மாட்டா. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து அலையாமல், 32 பிட் யுஇஎஃப்ஐயை ஆதரிக்கும் டெபியன் போன்றதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது விண்டோஸை எழுப்புங்கள்

கோப்புகள் பத்திரம் என்றால் பதற்றம் இல்லை. மீட்புத் திரையில் ஸ்டார்ட்அப் ரிப்பேரில் தொடங்குங்கள். சிக்கல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதிலும் எழவில்லை என்றால் சிஸ்டம் ரீஸ்டோர். அடுத்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4 அழுத்தி சேஃப் மோடுக்குள் (அவசியமானவை மட்டும் இயங்கும் நிலை) போக முயலுங்கள்.

சேஃப் மோடில் திறந்தால் முதலில் காலி இடத்தைப் பாருங்கள். 32 ஜிபி மட்டுமே கொண்ட சிறு மடிக்கணினிகளில் விண்டோஸே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அப்டேட்டுக்கு இடமில்லாமல் பாதியில் நின்று, மறுநாள் எழாமல் போவது இவற்றின் வழக்கம். படங்களையும் வீடியோக்களையும் வெளியே மாற்றி, டிஸ்க் கிளீனப் ஓட்டினால் பல நேரம் அதுவே மருந்து.

எதுவும் உதவவில்லை என்றால் ரீசெட் திஸ் பிசி. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் சொந்தக் கோப்புகள் தங்கும், நிறுவிய மென்பொருள்கள் போகும். கிளவுட் டவுன்லோடு கேட்டால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் லோக்கல் ரீஇன்ஸ்டாலைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் போய்விட்டதே என்று தேட வேண்டாம். விண்டோஸ் 10-இன் 2019 பதிப்புகளிலிருந்தே தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி சேமிப்பகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பதால் பழைய சிறு மடிக்கணினிகள் அதை ஏற்கா. அவற்றை மறுபடி எழுப்ப நேர்ந்தால் லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை (மேலே சொன்ன 32 பிட் யுஇஎஃப்ஐ கணினிகளில் டெபியனை) நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். கணக்கு எழுத, கடிதம் தட்டச்ச, அரசு இணையதளங்களில் விண்ணப்பிக்க அது தாராளமாகப் போதும்.

கடைக்குக் கொடுக்கும்போது

மதர்போர்டு, பேட்டரி, உடைந்த சார்ஜர் துளை ஆகியவற்றுக்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும். கொடுக்கும்போது “கோப்புகள் வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடக் கூடாது” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் எடுத்த திரைப் படங்களைக் காட்டுங்கள். இதுவரை செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். அதே வேலைக்கு இரண்டாம் முறை பணம் கேட்கமாட்டார்கள். சேமிப்பகத்தை மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது வேலை செய்யாவிட்டாலும் உங்கள் ஆதார் நகலும் வங்கி விவரங்களும் அதற்குள் இருக்கக்கூடும்.